பள்ளிப் பையின் வரலாறு – 9: சாத்தூர் நிப்பும் நீல மூடிப் பேனாவும்

சென்ற இரண்டு வாரங்களாகச் சிலேட்டோடும் பல்பத்தோடும் இருந்தோம். சிலேட்டில் எழுதியதைக் கோவை இலையைக் கசக்கித் தேய்த்தால் போய்விடும். பேனாவால் எழுதியது போகாது. ஐந்தாம் வகுப்புவரை சிலேட்டும் பென்சிலும், ஆறாம் வகுப்பில் கால் வைத்தால் பேனா என்று பல பள்ளிகளில் ஒரு வழக்கம் நிலைத்திருந்தது இதனால்தான். தப்பாக எழுதினால் அது தாளில் நிற்கும். அந்தப் பொறுப்பைத் தாங்கும் வயது வரட்டும் என்று வாத்தியார்கள் காத்திருந்தார்கள்.

பேனாவைப் பற்றி எழுதப்பட்ட வரலாறுகளில் பெரும்பாலானவை விலை உயர்ந்த பேனாக்களின் வரலாறுகள். பார்க்கர், ஷீஃபர், வாட்டர்மேன், மான்ட்பிளாங். எந்தத் தலைவர் எந்த உடன்படிக்கையில் எந்தப் பேனாவால் கையெழுத்திட்டார் என்ற விவரங்கள். அவையும் தெரிந்துகொள்ள வேண்டியவைதான். ஆனால் இந்த நாட்டுப் பிள்ளைகளின் விரல்களில் கருநீலக் கறை படிய வைத்தவை வேறு பேனாக்கள். அவற்றுக்கு வெல்வெட் பெட்டி கிடையாது, உத்தரவாதச் சீட்டு கிடையாது. பெட்டிக்கடையில் கண்ணாடி டம்ளருக்குள் குத்திட்டு நிற்கும். எல்லோரும் வாங்கக்கூடிய விலையில் ஒழுங்காக எழுதும் ஒரு பேனாவைச் செய்வது, தங்க நிப்புப் பேனாவைச் செய்வதைவிடப் பெரிய சாதனை என்பது என் உறுதியான எண்ணம். அந்தச் சாதனை எப்படிக் கைகூடியது என்பதே இந்த வாரக் கதை.

மலிவு முதலில் வந்தது நிப்புக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பா இன்னும் இறகால்தான் எழுதிக்கொண்டிருந்தது. எஃகு நிப்பு இருந்தது என்றாலும் ஒவ்வொன்றையும் கையால் தட்டிச் செய்ததால் விலை எட்டாத உயரத்தில் இருந்தது. 1820-களில் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பட்டறைகள், உலோகச் சில்லறைச் சாமான்கள் வெட்டப் பயன்பட்ட கைப்பிரஸ்ஸிலேயே நிப்பையும் வெட்டத் தொடங்கின. ஜோசப் கில்லட், ஜோசையா மேசன் போன்றவர்கள் இதில் பெரும் பணக்காரர்கள் ஆனார்கள். பிரஸ்ஸின் கைப்பிடியை நாள் முழுக்க இழுத்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். அந்த நூற்றாண்டில் உலகம் எழுதிய நிப்புகளில் பெரும்பங்கு அந்த ஒரே ஊரிலிருந்து போயிற்று. வெள்ளைக்காரன் அலுவலகங்கள் வழியாக நம் ஊருக்கும் வந்தது. மரக்கட்டையில் நிப்பைச் செருகி, மைக்கூட்டில் தொட்டுத் தொட்டு எழுதும் பேனா. விடுதலைக்குப் பிறகும் வெகுகாலம் தபால் நிலைய மேசைகளில் இந்தத் தொட்டெழுதும் பேனாதான் கிடந்தது.

உள்ளே மையை அடக்கிக்கொண்ட பேனாவை வாட்டர்மேன் 1884-இல் காப்புரிமை எடுத்துப் பெரிய வணிகமாக்கினார். இந்தியாவில் அது பாரிஸ்டர்களின் சட்டைப்பைக்கு வந்தது, பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. பள்ளிக்கு அதை இறக்கிக் கொண்டுவந்தது சுதேசி இயக்கம். ராஜமுந்திரியின் ரத்னம் செய்த பேனாவைப் பெற்றுக்கொண்டு காந்தி 1935-இல் பாராட்டிக் கடிதம் எழுதிய கதை பலருக்கும் தெரியும். அதைவிட முக்கியமாக எனக்குப் படுவது மையின் கதை. பம்பாயில் தாண்டேகர் சகோதரர்கள் 1931-இல் ‘குதிரை மார்க்’ மைத்தூளும் மை மாத்திரையும் செய்து விற்கத் தொடங்கினார்கள். கேம்லின் அப்படிப் பிறந்ததுதான். வங்காளத்தில் மைத்ரா சகோதரர்கள் 1934-இல் சுலேகா மையைத் தொடங்கினார்கள். மாத்திரையைத் தண்ணீரில் கரைத்தால் மை என்றபோது, கண்ணாடிப் புட்டியைக் கப்பலில் ஏற்றி வரும் செலவு மொத்தமாகக் கழிந்தது. மலிவு என்பது எங்கிருந்து தொடங்குகிறது பாருங்கள்.

இனி நம் ஊருக்கு வருவோம். மதுரையிலிருந்து திருநெல்வேலி போகும் வழியில் சாத்தூர். சேவுக்கும் வெள்ளரிப் பிஞ்சுக்கும் பெயர் போன ஊர். வானம் பொய்க்கும் கரிசல் பூமி, பக்கத்திலேயே சிவகாசி. விவசாயத்தை நம்ப முடியாத அந்த வட்டாரம் தீப்பெட்டி, பட்டாசு, அச்சு என்று கைத்தொழில்களைப் பிடித்துக்கொண்டபோது, சாத்தூர் அவற்றோடு இன்னொன்றையும் பிடித்துக்கொண்டது: பேனா நிப்பு. ஒரு காலத்தில் சாத்தூர் நிப்பு என்றால் மாநிலத்துக்கு வெளியிலும் தெரியும். வீட்டோடு ஒட்டிய சின்னப் பட்டறைகளில் இந்தத் தொழில் நடந்தது. பர்மிங்ஹாமில் எழுந்த அதே பிரஸ் சத்தம், ஒரு நூற்றாண்டு கழித்துக் கரிசல் காட்டில் கேட்டது.

நிப்பு செய்வதைக் கொஞ்சம் கிட்டத்தில் நின்று பார்க்கலாம். மெல்லிய எவர்சில்வர்த் தகட்டை முதலில் வேப்பிலை அளவு இலைகளாக வெட்டுகிறார்கள். ஒவ்வொரு இலையின் நடுவிலும் ஒரு பொட்டுத் துளை. பிறகு பெயர் முத்திரை. அதன் பிறகு அச்சில் வைத்து அமுக்கினால் தட்டை இலை குழிந்து நிப்பின் வடிவம் பெறுகிறது. விலை உயர்ந்த நிப்பின் நுனியில் இரிடியம் வகை உலோகத்தில் கடுகைவிடச் சிறிய மணி ஒன்றைப் பற்றவைப்பார்கள். எழுத எழுதத் தேயாமல் இருக்க. மலிவு நிப்புக்கு அந்த மணி கட்டுப்படியாகாது. தகட்டின் நுனியையே மடக்கி உருட்டி மணிபோல் ஆக்கிவிடுவார்கள். கடைசியாக நுனியிலிருந்து துளைவரை மயிரிழைப் பிளவு. உயிர் இருப்பது இந்தப் பிளவில்தான். அறிவியல் பாடத்தில் நுண்புழை ஏற்றம் என்று படித்தோமே, அந்த விதிப்படி மை இதன் வழியே தானாக இறங்கி வருகிறது. பிளவு அகன்றால் தாளில் குளம் கட்டும், ஒட்டிக்கொண்டால் எழுதாது. இத்தனை வேலைகளும் முடிந்து, குரோஸ் கணக்கில், அதாவது 144 நிப்புகளாகப் பொட்டலம் கட்டி அனுப்புவார்கள். கடைசியில் சில்லறைக் காசுக்கு ஒரு பையனின் கைக்கு வரும்.

மணி இல்லாத அந்த நிப்புக்கு ஒரு குணம் உண்டு. எழுதுபவனின் கைச்சாய்வுக்கு ஏற்ப அது தேயும். முதலில் சில நாட்கள் தாளைக் கீறும். சிலேட்டின் மீதோ கண்ணாடியின் மீதோ எட்டு எட்டாகத் தேய்த்துப் பழக்குவோம். பழகிவிட்டால் நம் கைக்கு மட்டும் வழுக்கிக்கொண்டு ஓடும், அடுத்தவன் எழுதினால் முரண்டு பிடிக்கும். “பேனாவை இரவல் கொடுத்தா நிப்பு கெட்டுப்போகும்” என்று சொன்னதைக் கஞ்சத்தனம் என்று நினைப்பவர்கள் உண்டு. அது உலோகத்தைப் பற்றிய சரியான கவனிப்பு.

இங்க் பேனா வைத்திருந்த பிள்ளை ஒரு சின்ன மெக்கானிக்காகவும் இருந்தாக வேண்டும். மூடி, கழுத்து, நிப்பு, அதன் அடியில் பொருந்தும் நாக்கு, மை நிற்கும் அடிப்பாகம் எல்லாவற்றையும் கழற்றவும் மாட்டவும் தெரிய வேண்டும். மை இறங்காவிட்டால் அரை பிளேடை எடுத்து நிப்பின் பிளவில் லேசாக விட்டு எடுப்போம். கழுத்து மரையில் மை கசிந்தால் நூலைச் சுற்றி இறுக்குவோம். பரீட்சைக்கு முந்தின நாள் வெந்நீரில் ஊறப்போட்டால் நாக்கின் வரிகளிலிருந்து பழைய மை புகைபோல் சுருண்டு வெளியே வரும். தண்ணீர் தெளிவாகும்வரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு துணியில் துடைத்து, புது மை. பிரில், கேமல், செல்பார்க் என்று புட்டிகள் இருந்தாலும் முழுப் புட்டி வாங்குவது எல்லா வீட்டாலும் ஆகாது. பள்ளிக்கூடத்துக்கு எதிர்ப்புறம் இருக்கும் பெட்டிக்கடையில் சில்லறைக்கு மை நிரப்பித் தருவார்கள்.

எங்கள் ஊரில் அந்தக் கடையை வைத்திருந்தவரை எல்லோரும் அக்கா என்போம். “அக்கா, இங்க் போடுங்க” என்று நீட்டினால், “கழுத்தக் கழட்டிட்டுக் குடுடா, என் கையெல்லாம் மை ஆக்காத” என்பார். ஃபில்லரின் ரப்பர்க் குமிழை ஒரே அமுக்கு. பேனாவின் கழுத்துக்கு ஒரு நூலிழை கீழே வந்து மை நிற்கும். ஒரு சொட்டு கூடாது, குறையாது. வகுப்பில் மை தீர்ந்தால் பக்கத்துப் பையனிடம் கடன். அவன் பேனாவைச் சாய்த்துப் பெஞ்சின் மீது சொட்டுச் சொட்டாக விடுவான். நான் என் நிப்பை அதன்மேல் வைத்து உறிஞ்ச வைப்பேன். வாங்கிய சொட்டுகளுக்கு மறுநாள் கணக்குத் தீர்க்க வேண்டும். சிந்திய மைக்கு சாக்பீஸ்தான் ஒற்றுத்தாள்.

இந்த உலகத்திலும் ஏற்றத்தாழ்வு இருந்தது என்பதை மறைக்கக் கூடாது. அதன் பெயர் ஹீரோ. ஷாங்காய் நகரத்தில் 1931-இல் தொடங்கிய ஒரு பேனா ஆலை, 1966 முதல் ஹீரோ என்ற பெயரைச் சூடிக்கொண்டது. அமெரிக்கப் பார்க்கர் 51-இன் சாயலில், நுனி மட்டும் எட்டிப் பார்க்கும் மூடிய நிப்பும் பளபளக்கும் உலோக மூடியுமாக அது வந்தது. சென்னையில் அதற்குப் பெயர் பெற்ற சந்தை பர்மா பஜார். பர்மாவில் 1962-இல் ராணுவ ஆட்சி வந்தபின் எல்லாவற்றையும் விட்டுத் திரும்பிய தமிழர்களுக்குப் பிழைப்புக்காக உருவான கடைவீதி அது. வெளிநாட்டுச் சாமான் என்றால் அங்கேதான். பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்தால் மாமா ஹீரோ பேனா வாங்கித் தருவார். வகுப்பில் ஒருவனிடம் ஹீரோ, பத்துப் பேரிடம் ஒழுகும் உள்ளூர்ப் பேனா. சட்டைப்பையைப் பார்த்தாலே எந்த வீட்டுப் பிள்ளை என்று தெரிந்துவிடும். சென்னை பாரிமுனையின் காமா, திருவள்ளூரின் ரங்கா போன்ற கையால் கடைந்த எபோனைட் பேனாக்கள் இன்னும் உயர்ந்த வேலைப்பாடு. அவற்றுக்குத் தனி அத்தியாயமே தேவைப்படும்.

இந்தச் சட்டைப்பை வித்தியாசத்தைத் துடைத்துப்போட்டது பால்பாயிண்ட் பேனா. அது வந்து சேர்ந்த வழி நீளமானது.

ஹங்கேரியப் பத்திரிகையாளர் லாஸ்லோ பிரோ, அச்சகத்தின் மை சட்டென்று உலர்வதைப் பார்த்து, அதைப் பேனாவில் பயன்படுத்த முடியாதா என்று முயன்றவர். கெட்டியான மை நிப்பின் பிளவில் இறங்காது. ஆகவே நுனியில் உருளும் ஒரு குண்டை வைத்தார். 1938-இல் காப்புரிமை எடுத்தார். யூதரான அவர் போர்க்கால ஐரோப்பாவை விட்டு அர்ஜென்டினாவுக்குப் போய்த்தான் அதைச் சந்தைக்குக் கொண்டுவர முடிந்தது. 1945-இல் புவெனஸ் ஐரஸ் வந்த சிகாகோ வணிகர் மில்டன் ரெனால்ட்ஸ் அந்தப் பேனாவைப் பார்த்தார். ஊருக்குத் திரும்பி, பிரோவின் காப்புரிமையில் சிக்காத வேறொரு அமைப்பில் தானே ஒன்றைச் செய்தார். அதே ஆண்டு அக்டோபர் 29 அன்று நியூயார்க்கின் கிம்பெல்ஸ் அங்காடியில் விற்பனை. ஒரு பேனா பன்னிரண்டரை டாலர். அந்தக் காலத்தில் அது பெரிய தொகை. அப்படியும் கூட்டம் அலைமோதியது. ஆயிரக்கணக்கில் அன்றே விற்றுத் தீர்ந்தன. வாங்கியவர்கள் சீக்கிரமே புலம்பத் தொடங்கினார்கள். பேனா ஒழுகியது, விட்டு விட்டு எழுதியது, எழுதியதும் மங்கியது. சில ஆண்டுகளில் அமெரிக்க ரெனால்ட்ஸ் கடையைக் கட்டியது. அந்தப் பெயர் மட்டும் பிரான்ஸில் பிழைத்துக்கொண்டது.

அதே பிரான்ஸில் மார்செல் பிக் என்பவர் 1950 டிசம்பரில் ‘பிக் கிரிஸ்டல்’ பேனாவை வெளியிட்டார். குண்டும் அதைப் பிடிக்கும் குழியும் துல்லியமாக இருந்தால் மற்றதெல்லாம் வெறும் பிளாஸ்டிக்காக இருக்கலாம் என்று புரிந்துகொண்டவர் அவர். மலிவின் ரகசியம் அந்த ஒரு வரியில் இருந்தது. பணத்தை எங்கே போட வேண்டும் என்று தெரிந்தால், மற்ற எல்லா இடத்திலும் மிச்சம் பிடிக்கலாம்.

இந்தியாவில் பால்பாயிண்ட் எளிதில் நுழையவில்லை. வங்கியில் அந்தக் கையொப்பம் ஆகாது என்றார்கள். பள்ளியில் கையெழுத்து கெட்டுவிடும் என்றார்கள். இரண்டாவது குற்றச்சாட்டில் நியாயம் உண்டு. நிப்பை அழுத்த வேண்டியதில்லை. தாளில் வைத்தாலே மை இறங்கும். கை தளர்ந்து, வளைவுகள் வட்டமாக வரும். ‘ண’வும் ‘ஞ’வும் ‘ழ’வும் அப்படி எழுதும்போதுதான் அழகு. பால்பாயிண்ட் அழுத்தினால்தான் எழுதும்; நடுவிரலின் ஓரத்தில் காய்ப்பு காய்த்துவிடும். தாளின் மறுபக்கத்தில் எழுத்து புடைத்துக்கொண்டு நிற்கும். ஆனால் மழையில் ஒழுகாத, பையில் கவிழ்ந்தாலும் கறை படியாத, கழுவ வேண்டியிராத பேனாவை எத்தனை நாள் வாசலில் நிறுத்தி வைக்க முடியும்?

எண்பதுகளில் சென்னையின் ஜி.எம். பென்ஸ் நிறுவனம் பிரெஞ்சு ரெனால்ட்ஸின் உரிமத்தில் தயாரித்துக் கொண்டுவந்ததுதான் 045. வெள்ளை உடல், நீல மூடி, உடலின் மேல் ‘045 ஃபைன் கார்பூர்’ என்ற எழுத்து. இதைப் படிக்கும் உங்களில் ஒரு தலைமுறைக்கு இதற்கு மேல் வர்ணனை வேண்டாம். அன்று ஐந்தாறு ரூபாய். பன்னிரண்டரை டாலருக்கு விற்று ஒழுகி ஓய்ந்த அதே பெயர், நாற்பது ஆண்டுகள் சுற்றி வந்து, இங்கே கிராமத்துப் பள்ளிப் பிள்ளையின் ஒழுகாத பேனா ஆயிற்று.

நுனியில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான டங்ஸ்டன் கார்பைடு குண்டு. அது உட்காரும் உலோகக் குழி. இரண்டுக்கும் நடுவே மை மட்டும் போகக்கூடிய மெல்லிய இடைவெளி. இடைவெளி ஒரு பொடி கூடினால் பரீட்சைத் தாளில் திட்டுத்திட்டாக மை. ஒரு பொடி குறைந்தால் எழுதாது. குண்டு எப்பக்கமும் ஒரே உருண்டையாக இருக்க வேண்டும், கிலோமீட்டர் கணக்கில் உருண்டும் தேயக் கூடாது. இதன் கடினம் எவ்வளவு என்பதற்குச் சீனாவே சாட்சி. உலகத்தின் பேனாக்களில் பெரும்பகுதியைச் செய்த அந்த நாடு, குண்டைப் பிடிக்கும் குழிக்கான எஃகைப் பல ஆண்டுகள் வெளியிலிருந்துதான் வாங்கியது. நம்மால் ஒரு பேனா நுனியைக்கூட நன்றாகச் செய்ய முடியவில்லையே என்று அந்நாட்டின் அன்றைய பிரதமர் லீ கச்சியாங் வெளிப்படையாகக் குறைபட்டார். தையுவான் எஃகு ஆலை அதைச் செய்துவிட்டதாக 2017-இல் அறிவித்தபோது தேசியச் செய்தியாக அது பேசப்பட்டது. நாம் மூடியைக் கடித்துக்கொண்டு கணக்குப் போட்ட அந்தப் பொருளின் நுனியில் இருந்தது அப்படிப்பட்ட வித்தை.

நாங்கள் அந்த வித்தையை அறியாமலே அதோடு வாழ்ந்தோம். எழுத மறுத்தால் உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து உருட்டிச் சூடேற்றுவோம். செருப்பின் அடியில் தேய்ப்போம். மூடியின் வாயில் ஊதினால் விசில். மேசையில் எதிரெதிரே வைத்துச் சுண்டி, எதிராளியின் பேனாவைக் கீழே தள்ளும் பேனாச் சண்டை இடைவேளை முழுக்க நடக்கும். தீர்ந்த ரீஃபில் காகித உருண்டை ஊதும் குழல் ஆகிவிடும். கிளிப் உடைந்த மூடி, பல்பட்ட மூடி, மூடியே இல்லாத பேனா. யாருடையது யாருடையது என்று குழம்பாமல் இருக்க உடலுக்குள் பெயர் எழுதிய தாளைச் சுருட்டிச் செருகுவோம்.

அப்படிச் செருக வேண்டியிருந்ததே எனக்கு முக்கியமாகப் படுகிறது. எல்லோரிடமும் ஒரே பேனா. மில் முதலாளி மகனும் மில் தொழிலாளி மகளும் ஒரே வெள்ளை உடல், ஒரே நீல மூடி. 1956-இல் காமராசர் காலத்தில் தொடங்கிய மதிய உணவும், 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவும் பிள்ளைகளைப் பள்ளிக்குள் கூட்டி வந்தன. முதல் தலைமுறையாகப் படிக்க வந்த அந்தப் பிள்ளைகளின் கையில் கிடைத்த பேனா இது. தமிழகத்தின் எழுத்தறிவு 1991 கணக்கெடுப்பில் 62.66 சதவீதம், 2001-இல் 73.45 சதவீதம். பேனா இதைச் செய்தது என்று நான் சொல்ல வரவில்லை. அந்தப் பத்தாண்டில் புதிதாக எழுதக் கற்றவர்களில் எத்தனையோ பேர் எழுதியது இதனால்தான் என்கிறேன்.

பிறகு வேகமாக மாறியது. செல்லோவின் கிரிப்பர் ரப்பர்ப் பிடியோடு வந்தது. ஜெல் பேனாக்கள் வந்தன. மினுமினுப்பு மையும் வாசனை மையும் வந்தன. சட்டைப்பை வித்தியாசம் வேறு உருவத்தில் திரும்பியது. சாத்தூரில் நிப்புக்குக் கிராக்கி குறையக் குறைய, பட்டறைகள் ஒவ்வொன்றாகக் கதவடைத்தன. பெட்டிக்கடைகளிலிருந்து முதலில் மைப்புட்டி போயிற்று, அதன் பின்னால் ஃபில்லரும் போயிற்று.

கடைசியில் போனது ரீஃபில். பேனா ஐந்து ரூபாய், ரீஃபில் இரண்டு ரூபாய் என்று இருந்தவரை மாற்றிப் போடுவதில் லாபம் இருந்தது. அப்பா அலுவலகத்திலிருந்து வரும்போது இரண்டு ரீஃபில் வாங்கி வருவார். இரண்டு மூன்று ரூபாய்க்கு ‘யூஸ் அண்ட் த்ரோ’ பேனா கடைகளில் சரமாகத் தொங்கத் தொடங்கிய நாளில் அந்தக் கணக்கு உடைந்தது. பேனாவின் விலைக்கும் ரீஃபிலின் விலைக்கும் இடைவெளி இல்லாமல் போனபின் எந்தக் கடைக்காரர் ரீஃபிலுக்கு இடம் ஒதுக்குவார்? இன்றைக்கும் ஒரு மாவட்டத் தலைநகரின் பெரிய ஸ்டேஷனரிக் கடையில் 045 கிடைக்கிறது. அதற்கு ரீஃபில் கேட்டுப் பாருங்கள். பேனாவையே இன்னொன்று எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள்.

(அடுத்த வாரம்: கோடு போட்ட நோட்டும் சிவகாசி அட்டைப்படங்களும்)